உங்களை உண்மையிலேயே பயமுறுத்திய கதை எது? எந்த இடத்தில்?

திண்ணை வாசகன் | வெள்ளி, இரவு 9.40

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யைத் திரும்ப எடுத்துப் படித்தேன். கல்லூரி நாளில் படித்தபோது அது என்னைப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒரு எழுத்தாளன், தூக்கம் பிடிக்காத இரவு, வீட்டுக்குள் நல்ல வாசனையும் பிணவாடையும் மாறி மாறி வருகின்றன, பிச்சை கேட்டு வாசலில் நின்ற ஒருத்தியை மனைவி இரக்கப்பட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதானே என்று மூடி வைத்துவிட்டேன்.

இப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. ராத்திரி எழுந்து கேஸ் மூடியிருக்கிறதா, கதவுக்குத் தாழ் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுக்கிறவன் ஆகிவிட்டேன். இந்தத் தடவை அந்த மனைவி வாசலில் நின்றவளை உள்ளே சேர்த்துக்கொள்கிற இடத்தில் வயிறு கலங்கியது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவருக்கு மட்டும் சந்தேகம் வருகிறது, இன்னொருவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் உனக்கு என்ன ஆச்சு என்பாள். சொல்லாவிட்டால் ஆபத்து அவளுக்குத்தான். அன்றைக்கு இரவு நான் படுக்கப் போகவே பதினொன்றரை ஆகிவிட்டது.

அதனால்தான் இந்தக் கேள்வி. உங்களுக்குப் பிடித்த பேய்க்கதை, திகில் கதை எதுவானாலும் சரி. தமிழாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் எந்த இடத்தில் பயம் வந்தது, ஏன் வந்தது என்று சேர்த்து எழுதுங்கள். ‘செம கதை, தூக்கமே போச்சு’ என்று மட்டும் எழுதினால் எனக்கு ஒன்றும் கிடைக்காது.


கடற்கரைச் சாலை | வெள்ளி, இரவு 10.15

எனக்கு ‘குரங்கின் பாதம்’. டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதியது. கல்லூரி முதலாண்டு ஆங்கிலப் பாடத்தில் படித்தோம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு கிழவர், அவர் மனைவி, வயது வந்த ஒரே மகன். இந்தியாவிலிருந்து திரும்பிய ஒரு பட்டாளத்துக்காரர் மூலமாக மூன்று வரம் தரும் குரங்குப் பாதம் ஒன்று கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் அடைய இருநூறு பவுன் வேண்டும் என்று கேட்கிறார் கிழவர். மறுநாள் மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கிச் செத்துப்போகிறான். கம்பெனி தருகிற இழப்பீடு சரியாக இருநூறு பவுன்.

எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். எனக்குப் பயம் வந்தது அதற்கு முன்னால். சாவுச் செய்தியைச் சொல்ல வந்த கம்பெனி ஆள் அந்த வீட்டு வாசலில் மூன்று தடவை நின்று, நின்று, உள்ளே வராமல் நகர்கிறான். நான்காவது தடவைதான் கேட்டில் கை வைக்கிறான். அம்மாக்காரி ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நல்ல சட்டை, பளபளக்கிற தொப்பி, பணம் கொண்டு வந்திருக்கிறானோ என்று நினைக்கிறாள். நமக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரியவில்லை.

அப்புறம் அந்த மேல்தாழ்ப்பாள். இரண்டாவது வரமாக மகனை உயிரோடு கேட்கிறார்கள். செத்துப் பத்து நாள் ஆனவன், உடம்பை அடையாளம் காட்ட உடுப்பு மட்டுமே மிச்சமிருந்தவன். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. அவள் ஓடிப் போய்ச் சங்கிலியைக் கழற்றுகிறாள், கீழ்த்தாழை நீக்குகிறாள், மேல்தாழ் எட்டவில்லை. ‘கீழே வாங்க, எனக்கு எட்டல’ என்று புருஷனைக் கூப்பிடுகிறாள். அவர் தரையில் தவழ்ந்து பாதத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவள் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்கிறது.

எங்கள் பழைய வீட்டில் அப்படி ஒரு மேல்தாழ் இருந்தது. அம்மாவுக்கு எட்டாது, முக்காலி போட்டுத்தான் திறப்பார். அந்த முக்காலி சிமெண்டுத் தரையில் உரசுகிற சத்தத்தை வைத்தே நான் இந்தக் கதையைப் படித்தேன். கடைசி வரை வெளியே நிற்பது எப்படி இருக்கிறது என்று ஜேக்கப்ஸ் ஒரு வரிகூட எழுதவில்லை.


முருங்கைமரம் | வெள்ளி, இரவு 10.50

என் பெயரே சொல்லும். அம்புலிமாமாவில் வந்த வேதாளக் கதை. கதையைவிட அந்தத் தலைப்புப் படம். சங்கர் வரைந்தது. ராஜா வாளோடு நடக்கிறார், தோளில் பிணம் தொங்குகிறது. ஏழு வயதில் அந்தப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு கதையை மட்டும் படிப்பேன்.

பெரியவனான பிறகு புரிந்தது: பிணம் பேசுவது முகத்துக்கு நேராக இல்லை. காதுக்குப் பின்னால் இருந்து பேசுகிறது. வாயைத் திறந்து பதில் சொன்னால் அது மரத்துக்குத் திரும்பிப் போய்விடும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும். தப்பிக்க வழியே இல்லாத ஒரு கணக்கைச் சின்னப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.


ஆலங்காட்டுப் பக்கம் | சனி, காலை 7.05

எனக்கு வெளியூர்க் கதை எதுவும் வேண்டாம். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கதையே போதும். நான் அரக்கோணம் பக்கம். சென்னைக்கு ரயிலில் போகும்போதெல்லாம் திருவாலங்காடு ஸ்டேஷன் வரும். நடராஜரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை இருக்கிற ஊர். அதை ஒட்டி இருப்பது பழையனூர். நீலி கதை நடந்ததாகச் சொல்வது அங்கேதான்.

இன்றைக்கும் யாராவது பொய்யாக அழுதால் நீலிக்கண்ணீர் என்கிறோமே, அந்த நீலி. ஆனால் அந்தச் சொல்லைப் புழங்குகிற பலருக்குக் கதை முழுதாகத் தெரிவதில்லை. எங்கள் ஆயா சொன்னபடி எழுதுகிறேன்.

போன பிறவியில் புருஷன் கையால் இந்தக் காட்டில் கொலையுண்டவள் அவள். மறு பிறவியில் அவன் ஒரு செட்டியாகப் பிறந்து வியாபாரத்துக்காக இந்த வழியே வருகிறான். இவள் பேயாகக் காத்திருக்கிறாள். அவன் கையில் மந்திரித்த கத்தி ஒன்று இருக்கிறது, அது இருக்கும்வரை இவளால் நெருங்க முடியாது. அதனால் என்ன செய்கிறாள்? அவன் பெண்டாட்டி மாதிரி உருவெடுத்து, இடுப்பில் ஒரு குழந்தையோடு ஊர்ச் சபைக்கு வந்து நியாயம் கேட்கிறாள். ‘கட்டினவர் என்னையும் பிள்ளையையும் விட்டுட்டு ஓடறாரு. கத்தி வெச்சிருக்காரு, என்னைக் கொன்னுடுவாரு’ என்று அழுகிறாள். அவன், ஐயா இவள் என் மனைவி இல்லை, பேய் என்கிறான். யார் நம்புவார்கள்?

சபையில் எழுபது வேளாளர்கள். குழந்தையை இறக்கி விடச் சொல்கிறார்கள். அது யாருடைய பிள்ளை என்று அதுவே சொல்லட்டும் என்று.

ஆயா இந்த இடத்தில் நிறுத்துவார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார். நாங்கள் நான்கு பேரும் பாயில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்புறம் மெதுவாக, குரலை ஏற்றாமல் சொல்வார்: ‘கொழந்த தவ்வித் தவ்விப் போயி அவன் மடியில ஏறி உக்காந்துச்சு. அப்பான்னுச்சு.’

அது குழந்தையே இல்லை. சில ஊர்களில் கரிக்கட்டை என்பார்கள், தெற்கே கள்ளிக்கொப்பு என்பார்கள். எங்கள் ஆயா கணக்கில் கரிக்கட்டை.

சபை தீர்ப்புச் சொல்லிவிட்டது. கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, உன் உயிருக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிரைக் கொடுக்கிறோம் என்று வாக்குக் கொடுத்து, இரண்டு பேரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். விடிந்து கதவைத் திறந்தால் செட்டி செத்துக் கிடக்கிறான், அவளைக் காணோம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள்.

இது எவ்வளவு பழைய கதை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இந்த ஊரைப் பாடும்போது ‘வஞ்சப் படுத்தொருத்தி வாணாள் கொள்ளும் வகைகேட்டு அஞ்சும் பழையனூர்’ என்கிறார். ஒருத்தி வஞ்சகமாக உயிரை வாங்கிய விதத்தைக் கேட்டு அஞ்சுகிற ஊர். சிவனைப் பாட வந்த இடத்தில், இந்த ஊர் ஒரு கதையைக் கேட்டுப் பயந்துபோய் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார். எங்கள் ஆயா சபையில் நிறுத்துகிற அந்த நிறுத்தத்தை ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால் யார் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். காரைக்கால் அம்மையார் பேயுருவம் வேண்டிப் பெற்று வந்து சேர்ந்ததும் இதே ஊர்தான். ‘கொங்கை திரங்கி நரம்பெழுந்து’ என்று ஒரு பெண்பேயை அங்குலம் அங்குலமாகப் பாடியிருக்கிறார். அதைப் படித்தால் பயம் வருவதில்லை, என்னமோ தொண்டை அடைக்கிறது. ஒரே ஊரில் இரண்டு பேய்ப்பெண்கள்.


திண்ணை வாசகன் | சனி, காலை 8.30

ஆலங்காட்டுப் பக்கம், காலையில் காபியோடு இதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். ‘அப்பான்னுச்சு’ என்ற இடத்தில் உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஒன்று கவனித்தீர்களா? காஞ்சனையை உள்ளே விட்டது அந்த மனைவியின் இரக்கம். குரங்குப் பாதத்தில் தாழைத் திறக்க ஓடுவது பெற்ற தாய். இங்கே எழுபது பேரும் நியாயவான்கள், ஒரு பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரங்கினவர்கள். ஒரு கதையிலும் பேய் கதவை உடைத்துக்கொண்டு வரவில்லை. நல்ல மனுஷர்கள் திறந்து விடுகிறார்கள்.


லாட்ஜ் அறை | சனி, மதியம் 1.20

நான் பேய்க்கதைப் பைத்தியம் கிடையாது. மருந்து விற்பனை வேலை, மாதத்தில் பன்னிரண்டு நாள் வெளியூர் லாட்ஜில்தான். ஒரே ஒரு கதை என்னை மாற்றிவிட்டது, அதைச் சொல்கிறேன்.

எம். ஆர். ஜேம்ஸ் என்று ஒரு ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரித் தலைவராக இருந்தவர், பழைய ஓலை, ஏடு ஆராய்ச்சி மாதிரி அங்கே பழைய கையெழுத்துப் பிரதிகளில் பெரிய பண்டிதர். கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களை உட்கார வைத்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் தான் எழுதிய பேய்க்கதைகளைப் படித்துக் காட்டுவாராம். அதில் ஒன்று விசில் கதை. 1904இல் புத்தகமாக வந்தது. கடற்கரை ஊரில் விடுமுறைக்குத் தங்க வந்த ஒரு பேராசிரியர், பேய் பிசாசை அறவே நம்பாதவர், இடிபாட்டில் கிடைத்த வெண்கல விசிலை அறைக்குக் கொண்டுவந்து ஊதிப் பார்க்கிறார். அவர் அறையில் இரண்டு கட்டில். அவர் படுப்பது ஒன்றில். காலையில் வந்த வேலைக்காரி, இரண்டு கட்டிலும் படுத்துக் கசங்கின மாதிரி இருக்கிறதே என்கிறாள்.

அவ்வளவுதான், எனக்கு அங்கேயே முடிந்தது. கடைசியில் அந்தப் போர்வை எழுந்து உட்காருகிறது. அதற்குக் கண் கிடையாது. கையால் தடவித் தடவி அவரைத் தேடுகிறது. கசங்கின துணியாலான ஒரு முகம். ரத்தம் இல்லை, பல் இல்லை, நாம் தினமும் போர்த்திக்கொள்கிற வெள்ளைத் துணி.

லாட்ஜில் சிங்கிள் ரூம் பெரும்பாலும் கிடைக்காது, டபுள் ரூம்தான் தருவார்கள். இந்தக் கதையைப் படித்ததிலிருந்து அறைக்குள் போனதும் முதல் வேலையாகப் பையையும் சாம்பிள் பெட்டியையும் அந்த இன்னொரு கட்டிலில் பரப்பி வைத்துவிடுகிறேன். ஐந்து வருடமாக.


முருங்கைமரம் | சனி, மதியம் 1.45

அண்ணா, அந்தக் கதையிலும் அவரேதான் ஊதிக் கூப்பிட்டிருக்கிறார். திண்ணை வாசகன் சொன்னது சரியாக வருகிறது.


இரவுப்பணி | ஞாயிறு, அதிகாலை 3.10

பணியில்தான் இருக்கிறேன், கொஞ்சம் ஓய்ந்த நேரம். பதினான்கு வருடமாக நர்ஸ். எத்தனையோ சாவைக் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன், எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன். பிணம் எனக்குப் பயம் தருவதில்லை. இறந்தவர்களிடம் ஒரு மரியாதைதான் வரும்.

நான் பயந்த கதை ஜப்பானுடையது. காது இல்லாத ஹோயிச்சி. லாஃப்காடியோ ஹெர்ன் என்பவர் 1904இல் ‘குவாய்தான்’ என்ற தொகுப்பில் ஆங்கிலத்தில் எழுதியது. கிரேக்கத் தீவில் பிறந்து ஜப்பானுக்குப் போய் அங்கேயே குடியுரிமை வாங்கி, இந்தப் புத்தகம் வந்த வருடமே இறந்துபோனவர்.

ஹோயிச்சி கண் தெரியாத பாடகன், ஒரு கோயிலில் தங்கியிருக்கிறான். கடல் போரில் மாண்ட ஹெய்கே குலத்தைப் பற்றிப் பாடுவதில் கெட்டிக்காரன். ஒரு ராத்திரி ஒரு வீரன் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். எங்கள் பிரபு உன் பாட்டைக் கேட்க வேண்டும் என்கிறான். இவன் போகிறான். பெரிய மாளிகை, நிறையப் பேர், பாடப் பாட அழுகிறார்கள். உண்மையில் அவன் மழையில், இடுகாட்டில், கல்லறைகளுக்கு நடுவே உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறான். தெரிந்துகொண்ட குரு அவன் உடம்பு முழுக்க மந்திரம் எழுதி, இன்றைக்குக் கூப்பிட்டால் பதில் சொல்லாதே, அசையாதே என்று சொல்லிவிட்டு வெளியே போகிறார்.

அந்த வீரன் வருகிறான். ‘ஹோயிச்சி’ என்கிறான். திரும்பவும் கூப்பிடுகிறான். மூன்றாவது தடவையும். அப்புறம் பக்கத்தில் வந்து, ஆளைக் காணோம், இரண்டு காதுதான் தெரிகிறது, பதில் சொல்ல வாய் இல்லை போலிருக்கிறது என்கிறான். மந்திரம் எழுதியவர்கள் காதில் எழுத மறந்துவிட்டார்கள். வந்ததற்கு அடையாளமாக அந்தக் காதுகளைப் பிய்த்துக்கொண்டு போகிறான். இவன் வாயே திறக்கவில்லை.

எனக்கு ஏன் பயம் என்றால், என் வேலையே கூப்பிட்டால் போவதுதான். எந்தக் கட்டிலில் பெல் அடித்தாலும் எழுந்து போக வேண்டும், ‘சிஸ்டர்’ என்று யார் முனகினாலும் ‘தோ வரேம்மா’ என்று குரல் கொடுக்க வேண்டும். பதினான்கு வருடமாக உடம்பு அப்படிப் பழகிவிட்டது. கூப்பிடுகிற குரலுக்குப் பதில் சொல்லாமல் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான் என்பதைப் படிக்கும்போது என் வாய் தானாகத் திறக்கப் பார்க்கிறது. நானாக இருந்தால் முதல் தடவையே பதில் சொல்லியிருப்பேன், நிச்சயமாக.

ஒரு தடவை டிஸ்சார்ஜ் ஆகி காலியாக இருந்த கட்டிலிலிருந்து பெல் அடித்தது. வயரில் ஈரம் என்று மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து சரி பண்ணினார். ஆனால் அந்த ராத்திரி நான் போய்ப் பார்த்தேன். காலிக் கட்டில்தான், துவைத்த விரிப்பு. பெல்லை ஆஃப் பண்ணிவிட்டு, ஏனோ தெரியவில்லை, ‘என்னம்மா வேணும்’ என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

பெல் அடிக்கிறது, வருகிறேன்.


கரும்பலகை | ஞாயிறு, காலை 9.30

எல்லாவற்றையும் ரசித்துப் படித்தேன். ஆனால் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. வாசல், கதவு, கூப்பிடும் குரல் என்று ஒரு சாவியை வைத்து எல்லாப் பூட்டையும் திறக்கப் பார்க்கிறோம். எல்லாப் பயமும் வெளியிலிருந்து வருவதில்லை.

ஷெர்லி ஜாக்சன் எழுதிய ‘லாட்டரி’ படித்திருக்கிறீர்களா? 1948 ஜூன் 26ஆம் தேதி நியூயார்க்கர் பத்திரிகையில் வந்தது. முந்நூறு பேர் உள்ள ஒரு கிராமம். ஜூன் 27, நல்ல வெயில், காலை பத்து மணி. எல்லோரும் திடலில் கூடுகிறார்கள். ஆண்கள் மழை, டிராக்டர், வரி என்று பேசிக்கொள்கிறார்கள். பையன்கள் கல் பொறுக்கிச் சட்டைப் பையை நிரப்புகிறார்கள். டெஸ்ஸி என்ற பெண் இன்றைக்கு என்ன நாள் என்பதையே மறந்து, பாத்திரம் கழுவிவிட்டு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே தாமதமாக ஓடி வந்து பக்கத்துவீட்டுக்காரியிடம் சிரித்துப் பேசுகிறாள். கறுப்புப் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு சீட்டு. யாருக்குப் புள்ளி வைத்த சீட்டு விழுகிறதோ, அவரை ஊரே கல்லால் அடிக்கும். டெஸ்ஸிக்கு விழுகிறது.

இதில் யார் கதவைத் திறந்தார்கள்? யாருமில்லை. சற்று முன்னால் அவளோடு சிரித்த அந்த டெலக்ராய் அம்மாள் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவுக்குப் பெரிய கல்லை எடுக்கிறாள். டெஸ்ஸியின் சின்னப் பையன் கையில் யாரோ நாலு கூழாங்கல்லைக் கொடுக்கிறார்கள். முப்பது வருடம் வகுப்பெடுத்தவன் நான். குழந்தையின் கையில் எதையோ கொடுத்து ‘நீயும் போடு’ என்று பழக்குகிற அந்த வரியைத் தாண்ட இன்றைக்கும் கஷ்டப்படுகிறேன்.

கதை வெளியானதும் முந்நூறுக்கு மேல் கடிதங்கள் வந்தனவாம். திட்டியும், குழம்பியும். அதில் சிலர், இந்த லாட்டரி எந்த ஊரில் நடக்கிறது, போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள் என்று ஜாக்சனே பின்னால் சொல்லியிருக்கிறார். எனக்குக் கதையைவிட அந்தக் கடிதம் பயங்கரம்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. ‘கலிங்கத்துப்பரணி’யில் போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. வகுப்பில் மாணவர்கள் சிரிப்பார்கள், நானும் வேடிக்கையாகத்தான் நடத்துவேன். ஆனால் சயங்கொண்டார் என்ன செய்கிறார் பாருங்கள்: சமைப்பதற்கு முன்னால் அந்தப் பேய்கள் யானைக் கொம்பால் பல் விளக்குகின்றன, விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன, எண்ணெய் தேய்த்துக் குளிக்கின்றன. நம் வீட்டுக் காலை நேரம் அப்படியே நடக்கிறது, சுற்றிலும் பிணம். டெஸ்ஸி பாத்திரம் கழுவிவிட்டு வந்தாளே, அதே இடம். அன்றாட வேலை நிற்காமல் நடப்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது.


ஆலங்காட்டுப் பக்கம் | ஞாயிறு, காலை 10.10

ஐயா, உங்கள் மறுப்பை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் நீலி கதைக்கு உள்ளேயும் உங்கள் லாட்டரி இருக்கிறது. சபையில் அந்தச் செட்டியின் இடத்தில் நின்று பாருங்கள். எழுபது பேர், எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் ஒரே முடிவோடு, ‘பயப்படாதே’ என்று சொல்லிக் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொள்கிறார்கள். அவன் ஒருத்தன் மட்டும் உண்மை சொல்கிறான். ஊர் கூடி ஒருவனை அனுப்பிவைக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: பழையனூர்க்காரர்கள் மறுநாள் தாங்களும் தீயில் இறங்கினார்கள். தீப்பாய்ந்த இடம் என்று இன்றும் காட்டுகிறார்கள். உங்கள் கதையில் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.


கரும்பலகை | ஞாயிறு, காலை 10.25

சாப்பாட்டு வேளைக்குள் முடித்துவிட வேண்டும் என்று அந்தக் கதையிலேயே இருக்கிறது. நல்ல கண் உங்களுக்கு. செட்டியின் இடத்தில் நின்று நான் இந்தக் கதையை யோசித்ததே இல்லை.


பனையடி | ஞாயிறு, இரவு 11.50

நான் யாழ்ப்பாணம். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

எங்கட அம்மம்மாவும் கதை சொல்லுவா. கொத்திப் பேய், முனி, சந்தி ஆலமரம், எல்லாம் இருந்தது. அவையெல்லாம் தொண்ணூறுகளில் எங்களை விட்டுப் போய்விட்டன. பயப்படுவதற்கு வேறு காரணம் வந்துவிட்டது.

எங்கட ஒழுங்கையில் பதினொரு வீடு, எல்லா வளவிலும் நாய். இரவில் முதலில் ஒழுங்கைத் தலைப்பில் இருக்கிற வீட்டு நாய் குரைக்கும். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. படுத்தபடியே எண்ணிக்கொண்டு இருப்போம். யாரோ நடந்து வருகினம், எந்தப் படலையில் நிற்கப் போகினம் என்று. எங்கட வீட்டு நாய் குரைத்து, அதற்குப் பிறகு எட்டாவது வீட்டு நாய் குரைத்தால், கடந்து போய்விட்டார்கள் என்று அர்த்தம். அப்போதுதான் அப்பா மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் எட்டாவது வீட்டை நினைத்து எல்லோரும் பேசாமல் கிடப்போம்.

கடற்கரைச் சாலை அக்கா, நீங்கள் எழுதிய குரங்குப் பாதத்தை நானும் படித்தேன், கம்பஸில் இருந்த காலத்தில். எனக்கு நீங்கள் சொன்ன இடத்தில் பயம் வரவில்லை. கதவு தட்டுகிற இடத்தில் மனசு ‘திற, திற’ என்றது. எங்கட பக்கத்தில் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரம் கொட்டகை போட்டு, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கத் தொடங்கினார்கள். அப்படியே வருடக்கணக்காக இருந்தார்கள். அதில் ஒரு தாயிடம், எந்தக் கோலத்தில் வந்தாலும் பரவாயில்லையா என்று கேட்டுப் பாருங்கோ. நாற்காலியைத் தேடி நேரம் போக்க மாட்டா, கதவைப் பிடுங்கிப் போடுவா.

அந்தக் கதையில் எனக்கு வந்த பயம் கடைசிப் பந்தியில். மூன்றாவது வரத்தைக் கிழவர் கேட்டுவிடுகிறார், தட்டுகிற சத்தம் நின்றுபோகிறது. அவ கதவைத் திறக்கிறா. தெரு விளக்கு எரிகிறது, வீதியில் ஒருவரும் இல்லை.


கடற்கரைச் சாலை | திங்கள், காலை 6.20

பனையடி, இரவே படித்தேன். உடனே எழுத முடியவில்லை.

காலையில் அந்தக் கடைசிப் பகுதியை எடுத்துப் பார்த்தேன். நான் இத்தனை வருடமாக அவளை ஒரு தடையாக மட்டும் படித்திருக்கிறேன், கிழவர் பாதத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அவள் திறந்துவிடக் கூடாதே என்று. கதை என்னைக் கிழவர் பக்கம் நிறுத்திவிட்டது, நானும் நின்றுவிட்டேன். கதவு திறந்ததும் அவள் ஏமாற்றத்தில் ஓலமிடுகிறாள், அந்த ஓலம் கேட்ட பிறகுதான் கிழவருக்கு இறங்கி வரத் தைரியம் வருகிறது. அந்த வரியைத் தாண்டி ஓடியிருக்கிறேன்.


இரவுப்பணி | திங்கள், காலை 7.40

டூட்டி முடிந்து பஸ்ஸில் இருக்கிறேன். பனையடி தம்பியா தங்கச்சியா தெரியவில்லை. ஒன்று கேட்கலாமா? அந்த எட்டாவது வீட்டில் யார் இருந்தார்கள்?


பனையடி | திங்கள், இரவு 9.15

தங்கச்சிதான் அக்கா.

ஒரு டீச்சரும் அவவின் இரண்டு பெடியன்களும் இருந்தார்கள். மூத்தவருக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர். டீச்சர் இப்பவும் அதே வீட்டில்தான் இருக்கிறா. படலைக்குப் பூட்டுப் போடுவதில்லை. வீதிப் பக்கத்து விளக்கை இரவில் அணைப்பதும் இல்லை, கரண்ட் பில் பற்றி ஒருவரும் அவவிடம் பேச மாட்டார்கள். போன மாதம் நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு ஒரு மணி. நாய் குரைத்தது. அவ விறாந்தைக்கு வந்து, ஒழுங்கையை எட்டிப் பார்த்து, ‘ஆரது?’ என்று கேட்டா. நான் பெயரைச் சொன்னேன். ‘ஓ, நீயே’ என்றுவிட்டு உள்ளே போனா.